எரிமலை விழுங்கிய தீவு

போக்கிமோன் விளையாட்டைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதுவதா எனப் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டிலே சின்னபார் என்றொரு தீவு உண்டு. அங்குள்ள பாழடைந்த மாளிகையில் நாட்குறிப்புகள் சில கிடக்கும். தென் அமெரிக்காவின் கயானாக் காட்டில் 'மியூ' கண்டறியப்பட்டது. அது ஈன்ற உயிருக்கு 'மியூட்டூ' எனப் பெயரிட்டனர். அதன் மூர்க்கத்தை அடக்க இயலவில்லை. அவ்வளவுதான் செய்தி. மீதியை ஆடுபவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

1999-இல் வந்த அடுத்த விளையாட்டில், கதைப்படி மூன்றாண்டுகள் கழித்து, அதே தீவுக்குச் சென்றால் மாளிகையைக் காணோம். எரிமலை வெடித்து ஊரையே மூடிவிட்டது. 2022-இல் வந்த ஒன்றோ, 2006-இல் அறிமுகமான சின்னோ நாட்டின் பழங்காலத்தைக் காட்டுகிறது. பிற்காலத்துப் பெருநகர் அதில் வெறும் சிற்றூர்! (தலபுராணம் படித்தவர்களுக்கு இந்தச் சுவை புரியும்.)

தமிழில் ஐந்து வரி எழுதவே தயங்கும் என் மாணவன் ஒருவன், "அந்தக் குறிப்புகளை எழுதியவர் தப்பித்தாரா, ஐயா?" என்று கேட்டான். நீயே எழுது என்றேன். இரண்டு பக்கம் எழுதிவிட்டான். எழுத்துப்பிழை ஏராளம், ஆனால் கதை நகர்கிறது.

தேர்வு முடியும்வரை விளையாட்டுக் கருவியைப் பூட்டி வைக்கப்போவதாக அவன் தாயார் கூறுகிறார். இரண்டு வாரம் பொறுங்கள் அம்மா என்று கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் இன்னும் படகேறவில்லை.