கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

கதை, கவிதை எனக்கு வராது. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் விரட்டியதால், தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். ஒரு லிங்க்கைச் சொடுக்கினால் அது எங்கே திறக்கிறது என்பதுதான் அது. இதில் என்ன பெரிசாக இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு வருடக் கட்டணம் இருந்தது.

முதலாண்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாதிச் சான்றிதழ் எண், வருமானச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தேன். கடைசியில் ஒரு கட்டம் புரியவில்லை. பக்கத்திலேயே ‘விளக்கம்’ என்று ஒரு லிங்க். சொடுக்கினேன். விளக்கம் வந்தது, படிவம் போய்விட்டது! பின்னால் வந்து பார்த்தால் கட்டமெல்லாம் காலி. “கடையை அடைக்கணும் தம்பி, நாளைக்கு வா” என்றார் கடைக்காரர். அந்தப் படிவத்துக்கு நாளை கிடையாது. அப்பா வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டினார். “நான்தான் அவசரத்துல தப்பா அமுக்கிட்டேன்ப்பா” என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஹெச்.டி.எம்.எல். படித்தபோதுதான் உண்மை புரிந்தது. லிங்க் எழுதும் இடத்தில் ‘டார்கெட்’ என்று ஒன்று உண்டு. அதை எழுதாமல் விட்டால், இருக்கும் பக்கத்தை அகற்றிவிட்டு அதே இடத்தில் புதுப் பக்கம் வந்து உட்காரும். அடிக்கோடு போட்டு ‘பிளாங்க்’ என்று எழுதினால் தனி டேப்பில் திறக்கும். பழைய பக்கம் அப்படியே இருக்கும். ‘செல்ஃப்’, ‘பேரண்ட்’, ‘டாப்’ என்பவையும் உண்டு. 1990களில் நெட்ஸ்கேப் ஒரே திரையைப் பல ஃபிரேம்களாகப் பிரித்தபோது, எந்தப் பங்கில் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லவே இது தேவைப்பட்டது. 2014இல் வந்த ஹெச்.டி.எம்.எல். 5 ஃபிரேம்களை ஒதுக்கிவிட்டது. டார்கெட் மட்டும் தங்கிவிட்டது.

ஆக, என் படிவத்தில் இல்லாமல் போனது ஒரே ஒரு சொல்! வந்த கோபத்தில், துறைக் கண்காட்சிக்கு நான் செய்த பக்கத்தில் எல்லா லிங்க்குக்கும் ‘பிளாங்க்’ போட்டுவிட்டேன். பார்க்க வந்த அப்பா மவுஸைப் பிடித்து நாலைந்து இடத்தில் சொடுக்கினார். பின்னால் போகும் பொத்தானை அமுக்கினால் அது மங்கிக் கிடக்கிறது; புது டேப்புக்குப் பழைய வழி தெரியாதே! “ஏன்டா தம்பி, வந்த வழியையே காணோமே?” என்றார். மேலே வரிசையாக ஐந்து டேப்கள் நின்றன.

அன்று இரவுதான் முதலாண்டில் நடந்ததை முழுசாகச் சொன்னேன். அப்பா தச்சு வேலை செய்பவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அப்ப தப்பு உன் மேல இல்லியா? இத்தனை நாள் ஏன்டா சொல்லல? நிலை வைக்கும்போதே கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு முடிவு பண்ணணும். உள்ள யாரு இருப்பாங்க, என்ன சாமான் இருக்கும்னு கேட்டுட்டுத்தான் கீல் அடிக்கணும்.”

இப்போது என் விதி இதுதான். சாதாரண லிங்க் அதே பக்கத்தில் திறக்கட்டும். தனி டேப் வேண்டுபவர் கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு சொடுக்கிக்கொள்வார். பாதி நிரப்பிய படிவம் இருந்தால் மட்டும் ‘பிளாங்க்’. அதையும் ‘புதிய டேப்பில் திறக்கும்’ என்று லிங்க்கிலேயே எழுதிவிட வேண்டும். திரையைக் காதால் கேட்டுப் படிக்கும் பார்வையற்றவருக்கும் அது உதவும். கூடவே ‘நோஓப்பனர்’ சேருங்கள். இல்லையென்றால் புதிதாகத் திறந்த பக்கம், திறந்துவிட்ட பக்கத்தையே வேறு முகவரிக்கு மாற்றிவிட முடிந்த காலம் உண்டு. 2021இல் வந்த குரோம் 88 முதல் அந்தப் பாதுகாப்பு தானாகவே கிடைக்கிறது. பழைய பிரவுசர்களுக்கு நாம்தான் எழுத வேண்டும்.

நண்பர்களே, நாளை நம்மில் யாரோ ஒருவர்தான் அப்படியொரு படிவத்தைச் செய்யப் போகிறோம். அதன் முன்னால் கடைசி நாளில், கடை அடைக்கும் நேரத்தில், என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான். கீல் அடிக்கும் முன் அவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

– மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை