"லீவுக்கு எங்கே போனே?"

ஜூன் மாதம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நம் பெண்களிடையே ஒரு பேச்சு கிளம்புமே, கவனித்திருக்கிறீர்களா? ரேஷன் கடை வரிசையில், மாவு மில்லில், பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும் தெருமுனையில், எங்கும் ஒரே கேள்விதான். "லீவுக்கு எங்கே போனீங்க?"

நாங்கள் ஐந்து சிநேகிதிகள். அரியலூரில் ஒன்றாகப் பன்னிரண்டாவது வரை படித்தவர்கள். இன்று ஒருத்தி கோயம்புத்தூரில், ஒருத்தி சென்னையில், ஒருத்தி துபாயில். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது பெரம்பலூர். ஐந்தாமவள் மட்டும் பிறந்த மண்ணை விட்டுப் போகவில்லை. கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து அரியலூருக்கே மருமகளாக வந்தவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, செல்போனில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்வோம். பாத்திரம் தேய்த்துக்கொண்டேகூடப் பேசுவோம்!

பேச்சில் ஊர் ஒப்பிடுவது என்று ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. ஊட்டியா, கொடைக்கானலா? ஊட்டியில் பூக்கள் அழகு, ஆனால் சீசனில் வண்டிகள் நகரவே மாட்டேன் என்கின்றன. 2024 மே மாதம் தொடங்கி இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேறு வாங்க வேண்டும். ஆலப்புழை படகு வீடு எப்படி? சாப்பாடு பிரமாதம், கொசுவும் பிரமாதம். துபாய்க்காரி உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் மேல் நின்றேன் என்பாள். சென்னைக்காரி காசியில் விடியற்காலைப் படகில் போனதைச் சொல்லும்போது எங்கள் நாலு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் இரண்டு வருஷமாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. மே, ஜூன் வந்தால் அரியலூர்க்காரி போனை எடுப்பதில்லை. "கரண்ட் இல்லை", "மாமியாருக்கு முடியலை" என்று பிறகு ஒரு வரி சொல்வாள். அவள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷமாகிறது. குளிப்பாட்டுவது, மருந்து, மலம் எடுப்பது எல்லாம் இவள்தான். ஒரு முழு நாள் வெளியே போக முடியாது. ஒருநாள் கோயம்புத்தூர்க்காரி நேராகவே கேட்டுவிட்டாள். "ஏன்டி எங்க கூடப் பேச மாட்டேங்கறே?"

"நீங்க எல்லாம் ஊர் ஊராச் சொல்றீங்க. நான் என்னத்தைச் சொல்றது? திங்கக்கிழமை சிறுவாச்சூர், வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர். அதுவும் மூணு மாசத்துக்கு ஒருக்கா. இதுல ஒப்பிட என்னடி இருக்கு?"

யாருக்கும் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துபாய்க்காரிதான் சொன்னாள். "ஜனவரியில் நான் வரேன். ரெண்டு நாள். நீ கூட்டிட்டுப் போ. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீடு திரும்பற மாதிரி. உன் ஊரை எங்களுக்குக் காட்டு."

அப்படித்தான் இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளி, சனி நாங்கள் ஐந்து பேரும் கிளம்பினோம். அவள் நாத்தனார் இரண்டு பகல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஏற்பாடு. மற்றதெல்லாம் ஒரு வாடகை வேன், புளிசாதம், தயிர்சாதம், வடகம்.

வெள்ளிக்கிழமையாகப் பார்த்ததற்குக் காரணம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். பெரம்பலூரிலிருந்து திருச்சி சாலையில் கொஞ்ச தூரம்தான். அம்மன் சந்நிதி வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்து செவ்வாய்க்கிழமை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர்! அங்கே மாவிளக்குக்கு அரிசியைக் கோயிலிலேயே ஊறவைத்து, அங்கேயே இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து ஏற்றுவார்கள். வீட்டில் மிக்ஸியில் அரைத்து டப்பாவில் எடுத்துப்போகிற நமக்கு, உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே மாவு வாசனையோடு நிற்பது தனி அனுபவம். "காசியில இது கிடையாதுடி" என்று சென்னைக்காரி சொன்னாள். அரியலூர்க்காரி முகத்தில் அப்போதுதான் முதல் சிரிப்பு.

அடுத்து சாத்தனூர். இந்தப் பெயரைச் சொன்னதும் கோயம்புத்தூர்க்காரி, "ஐயோ, முதலைப் பண்ணை இருக்குமே! நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்" என்றாள். அது திருவண்ணாமலைப் பக்கத்து சாத்தனூர் அணை! இது பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூர். இங்கே இருப்பது ஒரு மரம். நிற்கிற மரமல்ல, ஓடைப் பக்கத்தில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற கல்மரம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதை வெளியுலகத்துக்குச் சொன்னார். சுற்றிலும் வேலி போட்டுத் தேசியக் கல்மரப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பூக்கிற மரங்கள் பெருகுவதற்கு முந்தைய காலத்து ஊசியிலை மர வகையாம்.

மரம் எப்படிக் கல்லாகும்? என் மகள் கேட்டபோது நான் இப்படித்தான் சொன்னேன். மாவடுவை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம். உருவம் அப்படியே இருக்கிறது, ஆனால் உள்ளே உப்பு ஊறிவிடுகிறது இல்லையா? அதுபோல அன்றைக்கு இங்கே கடல் இருந்தது. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடலில் அமிழ்ந்தது. மேலே மணலும் சேறும் மூடின. மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு நுணுக்க இழையிலும் புகுந்து கெட்டியானது. மரம் போய்விட்டது, அதன் அச்சு மட்டும் கல்லாக நிற்கிறது. தடவினால் பட்டை மாதிரியே சொரசொரப்பு. தட்டினால் கல்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் பெரம்பலூரில் இருக்கிறேன். இந்த ஊர் என்றால் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. ரயில் ஏற அரியலூர்தான் போக வேண்டும். வெளியூர் உறவுக்காரர்கள், "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். இனி அவர்களை முதலில் கூட்டிப்போக எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் ரஞ்சன்குடிக் கோட்டையையும் எட்டிப் பார்த்தோம். சென்னை நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும். 1751-ல் வாலிகண்டபுரம் சண்டை நடந்த பூமி. மேலே ஏறினால் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. முட்டி வலிக்காரர்கள் கீழேயே இருந்து வடகம் சாப்பிடலாம். இரண்டு பேர் அப்படித்தான் செய்தார்கள்.

இந்த இடத்தில் சகோதரிகளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர்களை ஒப்பிடும்போது ஆண்கள் கேட்காத ஒரு கேள்வியை நாங்கள் ஐந்து பேரும் எப்போதும் கேட்டுக்கொள்வோம். "அங்கே பாத்ரூம் எப்படி?" சிரிக்காதீர்கள். எத்தனையோ பெண்கள் பயணம் என்றாலே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எங்களில் ஒருத்தி ஒரு மலைக்கோயிலுக்குப் போய், நாள் முழுக்க அடக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் படுத்தாள். மருந்து சாப்பிட்டுத்தான் சரியானது. தண்ணீர் குறைத்தால் கிருமி தங்கிவிடும் என்று டாக்டரம்மா நன்றாகத் திட்டினாராம். அதனால் எங்கள் வேனில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தச் சொன்னோம். டிரைவர் தம்பி முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே, "அக்கா, இங்க சுத்தமா இருக்கும்" என்று நிறுத்த ஆரம்பித்துவிட்டார். சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

சனிக்கிழமை அரியலூர்ப் பக்கம். நாங்கள் பிறந்தபோது இரண்டு ஊருமே திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய்த் திரும்புகிற மருமகள் மாதிரி!

கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலையாக இல்லை, கல் கம்பமாக நிற்கிறார். விளைந்ததில் முதல் மூட்டையை இங்கே கொண்டு வந்து கொட்டுகிற சம்சாரிகள் இன்றும் உண்டு. நெல், கம்பு, சோளம், மிளகாய், ஏன், கன்றுக்குட்டிகூட. கும்பிட்டுவிட்டு வேனில் ஏறப் போனால், அரியலூர்க்காரி ஏறவில்லை. "ஒரு நிமிஷம் வாங்கடி" என்று வயல் வரப்பு வழியாக நடந்தாள். பின்னாலேயே போனோம்.

குனிந்து ஒரு கல்லை எடுத்து துபாய்க்காரி கையில் வைத்தாள். கல் இல்லை, சிப்பி! உள்ளங்கை அகலம். மடிப்பு மடிப்பாக வரிகள் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று, இன்னொன்று... வரப்போரம் முழுக்கக் கிடக்கிறது.

"சின்ன வயசில இதை வச்சுத்தான் சொப்பு விளையாடுவோம். இதுல சோறு, இதுல குழம்பு. எங்க ஆத்தா 'பூதம் தின்னுட்டுப் போட்டது'ம்பாங்க. இதெல்லாம் கடல்ல இருந்த கிளிஞ்சல்னு என் பொண்ணு புத்தகத்தில படிச்சுட்டு வந்து சொன்னா."

துபாய்க்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் அங்க கடலைப் பக்கத்திலேயே வச்சிருக்கேன். இப்படி ஒரு சிப்பியை என் பிள்ளைங்க பார்த்ததில்லை" என்றாள்.

அந்தப் பழைய கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் கோடிக்கணக்கான வருஷம் படிந்து படிந்துதான் இந்த மண்ணின் சுண்ணாம்புக் கல்லானது. அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்தது அதனால்தான். நம் வீட்டுச் சுவரில் பூசியிருக்கும் சிமெண்டிலும் அந்தச் சிப்பி ஒரு துளி கலந்திருக்கலாம். நாற்பது வருஷம் அதன் மேல் நடந்தவள், "ஒப்பிட என்ன இருக்கு" என்று போனை எடுக்காமல் இருந்திருக்கிறாள் பாருங்கள்! சிப்பிகளைப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். எல்லோரும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு போனால் அவள் பேரப்பிள்ளைகள் எதை வைத்துச் சொப்பு விளையாடுவார்கள்?

அங்கிருந்து ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று டிரைவரை அவசரப்படுத்தினோம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை அப்பா ராஜராஜன் கட்டினார். இதைக் கட்டியது மகன் ராஜேந்திரன், கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. விமானம் சுமார் 55 மீட்டர், தஞ்சையைவிட உயரம் குறைவு. மகன் வேண்டுமென்றேதான் அப்பாவைவிடக் கொஞ்சம் குறைத்துக் கட்டினார் என்பார்கள். எனக்கு அது நம்பவே பிடித்திருக்கிறது. தஞ்சை நிமிர்ந்து நிற்கிறது, இது வளைந்து ஏறுகிறது. எது அழகு என்று எங்களுக்குள் பெரிய சண்டை. மூன்றுக்கு இரண்டு என்று கங்கைகொண்ட சோழபுரம் ஜெயித்தது. கூட்டம் குறைவு, புல்தரையில் உட்காரலாம் என்பதும் ஒரு காரணம்!

சண்டேசருக்குச் சிவபெருமான் தன் கையால் தலையில் மாலை சுற்றுகிற சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் பார்வதி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும்போது அம்மா முகத்தில் இருக்குமே, அந்தப் பெருமை. இத்தனை பெரிய கோயிலைச் சுற்றியிருந்த மதில் கற்களைப் பெயர்த்து 1836-ல் கீழணை கட்டக் கொண்டு போய்விட்டார்கள். தண்ணீருக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு நேரம் இல்லை. 2024 ஜனவரியில் அதற்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து ஏரி நிறைந்ததும், இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரித்தலை வாத்துகள் பறந்து வருமாம். டிசம்பர், ஜனவரி நல்ல பருவம். அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறோம்.

ஆறு மணிக்கு அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். மாமியார் கட்டிலில் சாய்ந்தபடியே, வாய் குழறி, ஒவ்வொரு இடமாகக் கேட்டாராம். சோழபுரம் என்றதும் அழுதுவிட்டாராம். கல்யாணமான புதிதில் மாட்டு வண்டியில் போனவராம், ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு. அங்கே லிங்கம் 4 மீட்டர் உயரம். அதை மூட, நூறு மூட்டை அரிசி சாதம் வடிப்பார்கள் என்று சொல்வார்கள். அந்த அம்மா வண்டிச் சக்கரம் சேற்றில் மாட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னதை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவள் எங்களுக்குச் சொன்னாள். ஒரு மணி நேரம். நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஐப்பசிக்கு வேன் சொல்லியாகிவிட்டது. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன் சீட் மாமியாருக்கு.