நான் நிரப்பிய படிவம்

கிராஞ்சி என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது போர் நினைவிடமே. கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. எனக்கோ அவ்வூர் வேறொருவரின் பெயரையே நினைவூட்டும். அது கல்லிற் பொறிக்கப்பட்டதன்று. என் கையால் ஒரு காப்புறுதிப் படிவத்தில் எழுதப்பட்டது.

1983-ஆம் ஆண்டு. நான் கிராஞ்சிப் பக்கம் குடியிருந்தேன். அங்கே தோட்டவேலை செய்துவந்த அண்டை வீட்டார் ஒருவர், முகவர் கொடுத்த விண்ணப்பப் படிவத்துடன் ஒருநாள் மாலை வந்தார். அவர் ஆங்கிலம் அறியாதவர். "வாத்தியாரையா, நீங்கதான் எழுதித் தரணும்" என்றார். நான் வினாக்களைத் தமிழிற் சொல்லச் சொல்ல, அவர் விடை கூறினார். முன்பு ஏதேனும் நோய்க்கு மருத்துவம் செய்துகொண்டதுண்டா என்ற வினா வந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முந்தித் தலைசுத்தல்னு டாக்டரைப் பார்த்தேன். ரத்தக் கொதிப்புன்னு மாத்திரை கொடுத்தார். அதையும் எழுதணுமா ஐயா?"

"இப்போது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

"இல்லீங்க."

"அப்படியானால் அதெல்லாம் எதற்கு?" என்று சொல்லி, 'இல்லை' என்று எழுதினேன். படிவத்தின் தலைப்பில் ஏதோ எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. அதை நான் விரைந்து தாண்டிச் சென்றேன். அவர் கீழே தமிழிற் கையொப்பமிட்டார்.

ஓராண்டு நிறையுமுன் அவர் இறந்தார். சைக்கிளிற் சென்றவர்மீது லாரி மோதிவிட்டது. காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்தை அவர் மனைவிக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பும் எனக்கே வாய்த்தது. முக்கியமான உண்மை ஒன்று வெளியிடப்படாமையால் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றும், கட்டிய சந்தா மட்டும் திருப்பித் தரப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது.

"ரத்தக் கொதிப்புக்கும் லாரிக்கும் என்னங்கையா சம்பந்தம்?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அந்த 'இல்லை' என்னும் சொல் என்னுடையது என்பதையும் நான் அன்று கூறவில்லை. பல ஆண்டுகள் கழித்தே கூறினேன். "நல்லதுக்குத்தானே எழுதினீங்க" என்று அவர் பொறுத்துக்கொண்டார். அறியாமற் செய்த பிழைக்கும் அறிந்து செய்த வஞ்சனைக்கும் வேறுபாடு உண்டென்பதை எழுத்தறியாத அவர் உணர்ந்திருந்தார். சட்டம் ஏன் உணரவில்லை என்ற வினாவே என்னைச் சட்ட நூல்களின்பால் திருப்பியது.

இவ்விதியின் வேர் நமக்கு அருகிலேயே உள்ளது. லிட்டில் இந்தியாவுக்கு அண்மையில் பென்கூலன் தெரு இருப்பதை அறிவோம். சுமத்திராவிலுள்ள பென்கூலனிலிருந்து 1825-இல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தப் பென்கூலனின் மார்ல்பரோ கோட்டையை 1760-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அத்தகைய இழப்பு நேரக்கூடுமென்று ஆளுநர் கார்ட்டரின் பொருட்டு இலண்டனில் காப்புறுதி செய்யப்பட்டது. கோட்டையின் வலுவின்மையை அவர் மறைத்தார் என்று காப்புறுதி அளித்தவர் வழக்காடினார். 1766-இல் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்டு பிரபு, காப்புறுதி ஒப்பந்தம் நன்னம்பிக்கையின்பாற்பட்டது என்றும், அக்கடமை இரு தரப்பினரையும் பிணிக்கும் என்றும் கூறினார். அவ்வழக்கில் வென்றவர் கார்ட்டரே! கேட்டறியக்கூடியதைக் கேளாது சந்தாவைப் பெற்றுக்கொண்டு, இழப்பு நேர்ந்தபின் மறைத்தார் என்று குற்றஞ்சாட்டுதல் முறையன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆயின் காலப்போக்கில் அந்நன்னம்பிக்கை ஒருபுறமே சாய்ந்துவிட்டது. 1906-ஆம் ஆண்டின் கடல் காப்புறுதிச் சட்டம், விவேகமுள்ள காப்புறுதியாளரின் முடிவைப் பாதிக்கக்கூடிய ஒவ்வொன்றையும், கேட்டாலும் கேளாவிடினும், விண்ணப்பிப்பவரே வெளியிட வேண்டும் என்றது. நீதிமன்றங்கள் இக்கோட்பாட்டைப் பிறவகைக் காப்புறுதிகளுக்கும் பொருத்தின. தவறினால் ஒப்பந்தமே அழியும். விடுபட்ட செய்திக்கும் நேர்ந்த இழப்புக்கும் தொடர்பு இருக்கவேண்டுவதில்லை. அந்த அம்மையாரின் வினாவுக்குச் சட்டம் அளித்த விடை இதுதான்.

காப்புறுதி நிதி பலருடைய பொதுப்பணம்; பொய்யர் அதைச் சுரண்டுவதைத் தடுத்தல் வேண்டும் என்பர். உண்மையே. ஆனால் வஞ்சகருக்கு வைத்த தண்டனையை மறதியாளருக்கும் அளிப்பது நீதியாகாது. இதனை உணர்ந்து ஆஸ்திரேலியா 1984-இலேயே தனிச்சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 2012-இல் தன் விதியை மாற்றியது. அதன்படி, சாதாரண நுகர்வோர் தாமாக முன்வந்து எல்லாவற்றையும் கூறவேண்டியதில்லை. கேட்ட வினாக்களுக்குத் தக்க கவனத்துடன் விடையளித்தாற் போதும். வேண்டுமென்றே பொய்யுரைத்தால் ஒப்பந்தம் அழியும். கவனக்குறைவாயின், பிழைக்கேற்ற அளவே தொகை குறையும். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆயுள் காப்புறுதி மூன்றாண்டுகளைக் கடந்தபின் எக்காரணம் காட்டியும் அதனைக் கேள்விக்குட்படுத்த இயலாது.

இங்கிலாந்தின் புதிய சட்டம் தானாக நம்மை வந்தடையாது. நாமே இயற்றிக்கொள்ளல் வேண்டும். நம் நாட்டில் 2005 முதல் நிதித்துறைப் பூசல்களைத் தீர்க்கும் நிலையம் இயங்குகிறது. எளியோரும் அங்கு முறையிடலாம். உண்மைகளை வெளியிடுமாறு படிவத்திலேயே எச்சரிக்க வேண்டுமென்றும் சட்டம் விதிக்கிறது. இவை நல்லனவே. ஆயினும் எது முக்கியம் என்பதை எச்சரிக்கை சொல்லாது. அதைத் தெளிவான வினாவாகக் கேட்கும் கடமையைக் கேட்பவர்மீதே வைத்தலும், பிழையின் அளவுக்கேற்பத் தீர்வு காணுதலும், வினாக்களை விண்ணப்பிப்பவரின் தாய்மொழியில் விளக்குதலும் சட்டத்தில் இடம்பெறல் வேண்டும்.

இன்றும் கிராஞ்சி வட்டாரத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் விடுதிகளில் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் என்றேனும் ஒரு படிவத்துடன் உங்களிடம் வரக்கூடும். ஆசிரியர்களே, மாணவர்களே, தாளிலுள்ள ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "அதையும் எழுதணுமா?" என்று அவர் கேட்டால், "ஆம், எழுதுவோம்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய சொல் அது.