ஆச்சா கேட்ட சாணை

பழைய மரக்கடைச் சுவரோரம் அந்த உத்திரத் துண்டு கிடந்தது. முழ நீளம்கூட இராது. ஒரு கையால் தூக்கப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "ஆச்சா சார். அறுக்க ஆள் வரமாட்டேங்கிறான், சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். மரக்கடைக்காரர் சும்மா கொடுத்தால் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

ஆச்சா மரத்தின் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும். கடைசல் எந்திரத்தில் மாட்டி உளியை வைத்தேன். பூவரசில் வருவதுபோல நீளச் சுருள் வரவில்லை. செதில் செதிலாக உதிர்ந்தது, கொஞ்ச நேரத்தில் வெறும் தூள். தூள் வந்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் அழுத்தினால் உளியை மரம் கவ்விக்கொள்ளும், பிறகு கட்டை எந்தப் பக்கம் தெறிக்குமோ. ஒரு சிறு கிண்ணத்துக்குப் பதினோரு தடவை சாணை பிடித்தேன்.

நடுவில் 'ணங்' என்றது. தலை போன பழைய ஆணி. உளி முனையில் அரிசியளவு பிசிறு. முதலிலேயே காந்தத்தை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அது ஃபிரிட்ஜ் கதவில் ரேஷன் ரசீதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு பாடுபடுத்தும் பழங்கட்டையை விடாமல் தேடுவதற்குக் காரணம் ஒரு பூவரசங்கிண்ணம். காற்றில் சாய்ந்த மரம். சாக்லேட் நிற வைரம். ஈரம் காயுமுன்பே கடைந்து, மினுக்கி, அலமாரியில் வைத்தேன். பத்தாம் நாள் விளிம்பிலிருந்து அடிவரை வாய் பிளந்திருந்தது. மரம் காயும்போது நடுத்தண்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் போக்கில் சுருங்கும். நடுத்தண்டைக் கிண்ணத்துக்குள் விட்டுவைத்தால் அது பிளக்காமல் என்ன செய்யும்? இப்போது நடுத்தண்டை அறுத்து நீக்கிவிடுகிறேன். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும்படி முரடாகக் கடைந்து, குறுக்குவெட்டு முகத்தில் மெழுகு பூசி நிழலில் வைக்கிறேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மரத்திலேயே பென்சிலால் எழுதுகிறேன். (தராசில் மரத்தூள் இருப்பதாக வீட்டில் புகார்.) எடை இறங்குவது நின்றபிறகுதான் மறுகடைசல்.

நரசிங்கம்பேட்டை நாகசுர ஆசாரிகள் இடித்த வீடுகளின் ஆச்சாக் கட்டையைத் தேடி வாங்குவது ஏன் என்று அந்தப் பிளவைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம் அது. உலவு எனப்படும் அதன் மரக்குழலின் உள்துளை மயிரிழை கோணினாலும் சுரம் பிசகும். போதாததற்கு ஊதுபவரின் மூச்சீரம் வேறு. அசைவதையெல்லாம் கூரையடியிலேயே அசைந்து முடித்த மரம்தான் அதற்குத் தாங்கும்.

என் கிண்ணத்தில் ஆணி இருந்த துளையை நான் அடைக்கவில்லை. சுற்றிலும் கருப்பாய் ஒரு துருவளையம். வீட்டில் அதில் சோழி போட்டு வைத்திருக்கிறார்கள். மிச்சத் துண்டு பின்கட்டில் கிடக்கிறது. அதன்மேல் காந்தத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். ஏதோ ஓரிடத்தில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.