அம்மாவின் அறைக்கு ஒரு கம்பி

பாயான் பாருவில் பழைய வரிசை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். முன் ஹாலில் இணையம் பறக்கும். பின்னறைக்குப் போனால் படுத்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை 1972-இல் தொடங்கிய பிறகு, அதை ஒட்டிப் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய நகரம் இது. எங்கள் வீட்டுச் செங்கல் சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கட்டிய காலத்தில் வைஃபையை யார் நினைத்தார்கள்?

இணையக் கம்பி தெருவிலிருந்து வருவதால், ரவுட்டர் வாசல் பக்கம் தொலைக்காட்சிக்கு அருகில் உட்கார்ந்துவிட்டது. அம்மாவின் அறையோ மூன்று சுவர் தள்ளி, சமையலறையை ஒட்டி இருக்கிறது.

நான் வானொலி அறிவிப்பாளர். என் குரல் எங்கெங்கோ கேட்கிறது. ஆனால், சுங்கைப் பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவோடு காணொளியில் பேச, அம்மா முட்டி வலியோடு ஹாலுக்கு நடந்து வர வேண்டும். அங்கே நாங்கள் எல்லாரும் இருப்போம். இரண்டே நிமிடத்தில், “சரிக்கா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவார். பெரியப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ள நிறைய இருந்தது. அதற்கு ஓர் இடம்தான் இல்லை.

“ஆறு ஆண்டெனா உள்ளத வாங்குங்கக்கா, எந்தச் சுவரையும் தாண்டும்” என்றார் கடைக்காரத் தம்பி. நான் வாங்கவில்லை. காரணம், என் தொழில் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்.

எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். ஜெராய் மலை உச்சியிலிருந்து கிலோவாட் கணக்கான சக்தியோடு கிளம்பிப் பினாங்கு வரை வருகிறது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 12.5 சென்டிமீட்டர்தான்; 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதி. ரவுட்டரின் சக்தியும் பெரும்பாலும் ஒரு வாட்டுக்குக் குறைவு. ஒவ்வொரு செங்கல் சுவரும் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் இன்னும் மோசம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வானொலி ஒருவழிப் பேச்சு. நேயர் எனக்குப் பதில் சொல்லாவிட்டாலும் நிகழ்ச்சி நடக்கும். வைஃபை உரையாடல். கைப்பேசி பதில் சொல்ல வேண்டும். அதன் மெல்லிய குரலும் அதே மூன்று சுவரைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். ரவுட்டர் மட்டும் சத்தமாகப் பேசி என்ன பயன்?

முதலில் செலவில்லாத வேலைகளைச் செய்தோம். ரவுட்டரைத் தொலைக்காட்சியின் பின்னாலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். கண்ணாடி, இரும்பு பீரோ, மீன் தொட்டி ஆகியவை அலையைத் தடுக்கும் என்பதால் அவற்றிலிருந்து தள்ளி வைத்தோம். சுவரைத் தாண்டுவதில் 2.4 கெட்டிக்காரன் என்பதால் அம்மாவின் கைப்பேசியை அதில் இணைத்தோம். செய்தி அனுப்ப முடிந்தது. காணொளியில் மட்டும் பெரியம்மாவின் முகம் அப்படியே உறைந்து நின்றது.

அலையைப் பெருக்கித் தரும் சிறு பெட்டியும் உண்டு. அதை அலை வராத அறையிலேயே வைத்தால், இல்லாததை அது எப்படிப் பெருக்கும்? அலை இன்னும் நன்றாக இருக்கும் நடுவீட்டில்தான் வைக்க வேண்டும். அப்போதும் பல பெட்டிகளில் வேகம் பாதியாகும்.

கடைசியில், வயர்மேனை அழைத்து, கூரைக்கு அடியில் ஒரு கேட் 6 கம்பியை அம்மாவின் அறைவரை இழுத்தோம். இந்தக் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு 20 மீட்டர்கூடத் தேவைப்படவில்லை. அதன் முனையில் ஒரு சிறிய வைஃபை பெட்டி. மூன்று சுவரையும் கம்பி கடந்துவிட்டதால், அலைக்கு அந்த ஓர் அறையைச் சுற்றி வருவது மட்டுமே வேலை.

வீட்டில் இணையம் சரியில்லை என்றால் நாம் வேகத்தைத்தான் கூட்டிக் கேட்கிறோம். எந்த அறைக்கு வரவில்லை, அந்த அறையில் இருப்பது யார் என்று பார்ப்பதில்லை. பல வீடுகளில் அது பின்னறை; இருப்பவர் வயதானவர். அவர் குறை சொல்லவும் மாட்டார்.

இப்போது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார். சிரிப்பும் அழுகையும் லேசாகக் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. நல்லவேளை, சுவர் தடிமனானது.