நின்று தின்பதா, உட்கார்ந்து உண்பதா?

குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் துண்டு, மாற்றுப் புடவை, சீப்பு எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். பசியைப் பற்றி மட்டும் யோசிக்கமாட்டார்கள். அதுவோ சாமானியப் பசி அல்ல! ஐந்தருவியில் கால் மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால், கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

ராயகிரியிலிருந்து புறப்படுகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று வருவதற்குள்ளேயே காலையில் சாப்பிட்ட இட்லி கரைந்துவிடும். பிறகு அருவி. வெளியே வந்தால் சாரல் காற்று. குழந்தைகளுக்குப் பல் தந்தி அடிக்கிறது. எதிரே தேங்காய் எண்ணெய் வாசனை! கொதிக்கும் வாணலிக்கு மேலேயே நேந்திரங்காயைச் சீவித் தள்ளுகிறார்கள். பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி. "அக்கா, சூடா இருக்கு, வாங்க!" என்று குரல் வேறு. இதை ஒதுக்கிவிட்டு ஓட்டலைத் தேடிப் போகிறவர்களை நான் ரசிகர்கள் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். கண்ணெதிரே பொரித்ததைத் தாராளமாகத் தின்னலாம். தோலோடு விற்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பயமில்லை. முன்கூட்டியே நறுக்கி வைத்த பழத்தை மட்டும் தொடாதீர்கள். எந்தத் தண்ணீரில் கழுவினார்களோ!

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தார் பீட்சாவை நாலாக மடித்துத் தெருவிலேயே தின்றுகொண்டு போவார்கள். அந்நாட்டில் பல கடைகளில் நின்று குடித்தால் காப்பி ஒரு விலை, உட்கார்ந்தால் அதிக விலை. நாற்காலிக்கும் காசு!

குற்றாலத்தில் நாற்காலிக்குக் காசில்லை, பொறுமைதான் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சீசன் நாட்களில், நாம் சாப்பிடும்போதே அடுத்த குடும்பம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ரசிகமணி டி.கே.சி. இருந்த நாளில் (அவர் 1954இல் காலமானார்) ராஜாஜி, கல்கி போன்றவர்களுக்கு அவர் வீட்டிலேயே விருந்து காத்திருந்தது. நமக்கு அந்த பாக்கியம் ஏது?

ஆனாலும், பகல் சாப்பாட்டை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் ருசி அல்ல. தெருக் கடையில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஐயா தின்கிறார், குழந்தைகள் தின்கிறார்கள். அம்மாள்? ஒரு கையில் ஈரத்துணிப் பை, மறு கையில் சின்னவனின் தட்டு. எல்லோருக்கும் ஊதி ஊதிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன கடைசி பஜ்ஜியை வாயில் போட்டுக்கொள்கிறாள். வீட்டில் தினமும் அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறவள் விடுமுறை நாளிலும் நின்றபடியா? அவளை உட்கார வைத்து, இன்னொருவர் பரிமாற, சூடாக ஒரு வேளை சாப்பிட வைப்பதற்குப் பஸ் செலவு செய்து வரலாம்.

சைவக்காரர்கள் தென்காசிக்குத் திரும்பி இலைச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். மற்றவர்கள் செங்கோட்டைக்கு முன்னால் உள்ள பிரானூருக்குப் போகவேண்டும். அதை எல்லோரும் 'பார்டர்' என்றே சொல்கிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதுவரை அதற்கு இப்பால் எல்லை. இப்போது எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் போய்விட்டது. பெயர் மட்டும் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வாழையிலையில் சின்னச் சின்ன புரோட்டாக்களைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவிடுவார்கள். கூடவே நாட்டுக்கோழி, காடை. காரம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். குழந்தைகளுக்குச் சால்னாவைக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விட்டால் இடம் சுலபமாகக் கிடைக்கும். சின்னவனை அப்பா மடியில் உட்கார வையுங்கள்.