கீழே இறங்காதே!

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக் குழாய் அடைத்துக்கொண்டதும், கூட வந்த பையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கத் தயாரானான். மாடியிலிருந்து நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாள்.

காரணம் இருக்கிறது.

நான் கெமிக்கல் டேங்கர் கப்பலில் பம்ப்மேனாக இருந்தவன். மெத்தனால், காஸ்டிக் சோடா, பாமாயில் என்று ஒரே கப்பலில் வேறு வேறு தொட்டிகளில் வேறு வேறு சரக்கு வரும். 1978-இல் போட்ட எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை, டேங்கரில் சரக்கு வேலை பார்ப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றது. அதற்காக 1986-இல் சென்னைக்குப் போனேன்.

எங்களுக்கு வாத்தியார் ஓய்வு பெற்ற ஒரு கேப்டன். முதல் நாளே கேட்டார்: "உன் கூட்டாளி தொட்டிக்குள்ள மயங்கிக் கிடக்கான். என்ன செய்வே?"

"இறங்கித் தூக்குவோம் சார்" என்றோம், ஒரே குரலில்.

"சரி, இப்ப கீழே ரெண்டு பேர் கிடக்கீங்க. அடுத்து யாரு?"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். மீட்டர் அந்த அளவைக் காட்டாமல் தொட்டிக்குள் காலை வைக்காதே என்றார். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டாது, இருமல் வராது, நேரே மயக்கம்தான். வெறும் தண்ணீர் இருந்த தொட்டியும் பல நாள் மூடிக்கிடந்தால், இரும்பில் ஏறும் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். கடைசி நாளில் மணல் நிரப்பிய பொம்மை ஒன்றைக் குறுகலான வாய் வழியே தூக்கச் சொன்னார்கள். நாலு பேருக்கும் நாக்கு தள்ளிவிட்டது.

1988. சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். காலையில் நாங்கள் கழுவித் துடைத்த தொட்டியில், அடுத்த சரக்குக்காக மத்தியானம் நைட்ரஜன் ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், முதல் கப்பல், காலையில் ஏணித் தட்டில் டார்ச்சை விட்டுவிட்டு வந்திருந்தான். போசன் திட்டுவாரே என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மூடியைத் திறந்து இறங்கிவிட்டான். நான் அந்தப் பக்கம் போனபோது மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். முதல் தட்டில் சுருண்டு கிடந்தான். பதினைந்து அடிதான் இருக்கும்.

என் கால் ஏணியில் இருந்தது. பொய் சொல்லவில்லை, ஒரு கால் உள்ளேயே இருந்தது. "அடுத்து யாரு?" என்ற அந்தக் குரல்தான் இழுத்துப் பிடித்தது. காலை எடுத்துவிட்டு ரேடியோவில் கத்தினேன். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிய இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

லீவில் வந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அழுது முடித்துவிட்டுக் கேட்டார்கள்: "நீ பக்கத்துலதானய்யா நின்ன? ஒரு எட்டு எறங்கித் தூக்கியிருக்கக் கூடாதா?"

நான் படித்ததை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரி தூக்கம் கலைந்தால் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

2015 முதல், இப்படிப்பட்ட மூடிய இடங்களில் நுழைவதற்கும் மீட்பதற்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் ஒத்திகை நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஊரில்? செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் அந்தப் பையன் என்னிடம், "எறங்கலேன்னா இன்னைக்குக் கூலி கெடையாது பெரியவரே, நீங்க தருவீங்களா?" என்றான். கொடுத்தேன். வீட்டுக்காரர் என்னோடு இன்னும் பேசவில்லை. மறுநாள் வேறு லாரி வந்து, மேலே நின்றபடியே அடைப்பை எடுத்துவிட்டது.

நண்பர்களே, கிணற்றிலோ தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள். சத்தம் போடுங்கள், 101-க்குப் போன் செய்யுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மேலே நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.